வம்சாவளியில் ஒரு பட்டப்பெயர்

சென்ற நோன்புக்கு முந்திய விடுமுறையில் ராத்தாவின் மூத்த மகன் மடிக்கணினியோடு என் வீட்டுக்கு வந்தான். எங்கள் குடும்பத்தின் வம்சாவளியைத் தொகுத்து, பெருநாள் கழிந்து நடக்கவிருந்த குடும்ப ஒன்றுகூடலில் அச்சிட்டுக் கொடுப்பது அவனது திட்டம். ஆறு தலைமுறை, நூற்றுச் சொச்சம் பேர். ஒவ்வொருவருக்கும் ஒரு பெட்டி, பெட்டிக்குள் சிறு சிறு கட்டங்கள்: முதற்பெயர், குடும்பப் பெயர், பிறந்த திகதி, இறந்த திகதி. குடும்பப் பெயர் என்ற கட்டத்தில் எதை எழுதுவது என்று அவன் ஏற்கெனவே பலரிடம் கேட்டுக் களைத்திருந்தான். நமக்கு அப்படியொன்று இல்லை. வாப்பாவின் பெயர் தலைப்பெழுத்தாக முன்னால் நிற்கும், அடுத்த தலைமுறையில் அது போய்விடும். குடி இருக்கிறது. அது உம்மாவின் வழியாக வருவது, எந்தப் படிவமும் அதைக் கேட்பதில்லை. இதையெல்லாம் ஒருவாறு சமாளித்துவிட்டுத்தான் அவன் என்னிடம் வந்திருந்தான்.

"மாமா, இதுல என்ன போடுற?"

அவன் விரல் வைத்துக் காட்டியது என் உம்மாவின் மூத்தாப்பாவுடைய பெட்டி. கட்டத்தின் தலைப்பு: பட்டப்பெயர்.

அவருக்கு ஒரு பட்டப்பெயர் இருந்தது. ஊரில் அவரை அறிந்திருந்தவர்கள் அந்தப் பெயராலேயே அறிந்திருந்தார்கள். மருமகனுக்கும் அது தெரியும், ஆனால் எங்கள் வீட்டிலிருந்து தெரியவரவில்லை. அந்தப் பெயரை இங்கும் நான் எழுதப் போவதில்லை. அவரது காலில் இருந்த குறையை வைத்து வந்தது என்பது மட்டும் போதும். அன்று அவனுக்கு நான் பதில் சொல்லவில்லை. "யோசிச்சுச் சொல்றன் மகன்" என்று தேநீரைக் கொடுத்து அனுப்பிவிட்டேன். யோசித்ததன் விளைவே இந்தக் கட்டுரை.

நம்முடைய ஊர்களில் ஒருவரைத் தேடிப் போகிறவர் அடையாள அட்டையிலுள்ள பெயரைச் சொல்லி விசாரித்தால் அஸர் வரைக்கும் நடக்க வேண்டியதுதான். ஒரே தெருவில் மூன்று முகம்மது இஸ்மாயீல்கள் இருப்பார்கள். மூத்தாப்பாவின் பெயரைப் பேரனுக்கு வைக்கும் வழக்கத்தால் ஒரு தலைமுறை விட்டு ஒரு தலைமுறை அதே பெயர் திரும்பத் திரும்ப வருகிறது. நான்கு ஆண்மக்கள் இருந்தால் நால்வருமே தத்தம் மூத்த மகனுக்கு அந்தப் பெயரை வைத்துவிடுவதும் உண்டு. வம்சாவளி எழுதப் புறப்படுகிறவனுக்கு இது பெரும் சோதனை. இன்னுமொரு சிக்கலும் இருக்கிறது. மாமனாரின் பெயரை மருமகள் வாயால் சொல்வது மரியாதையல்ல என்றிருந்த காலத்தில், அந்தப் பெயரை வைத்த சொந்தப் பிள்ளையைக்கூட உம்மா அதனால் கூப்பிடமாட்டாள். அவள் வேறொன்றைச் சொல்லிக் கூப்பிடுவாள், வீடு முழுக்க அதுவே நிலைத்துவிடும். பிள்ளை வளர்ந்து, காழியாரின் பதிவுப் புத்தகத்தில் பெயர் எழுதும் நாளில்தான் தன்னுடைய சொந்தப் பெயரை முழுசாகக் கேட்கும்.

மையவாடியிலும் பெயர் கிடைக்காது. நமது மீஸான் கட்டைகள் பேசுவதில்லை. விவாகப் பதிவுகளில் பெண்ணின் வலியும் மாப்பிள்ளையும் தெளிவாகத் தெரிவார்கள், பெண் சற்று மங்கலாகவே தெரிவாள். 1951ஆம் ஆண்டின் முஸ்லிம் விவாக விவாகரத்துச் சட்டம் அவளுடைய கையொப்பத்தைக் கேட்கவில்லை. வீட்டிலிருந்த பத்திரங்களையும் காலம் விட்டுவைக்கவில்லை. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து விரட்டப்பட்டவர்களுக்குப் பெட்டகத்தைத் திறந்து பார்க்கவும் அவகாசம் கிடைக்கவில்லை. 2004 டிசம்பர் 26இல் கிழக்குக் கரையோரத்தில் கடல் வந்து போன பின்னர், பாடசாலைச் சுவர்களில் ஒட்டியிருந்த பட்டியல்களை நான் வாசித்திருக்கின்றேன். பதிவுப் பெயர்களே அவற்றில் இருந்தன. இருபது வருடம் பக்கத்து வளவில் இருந்தவரின் பெயரைக் கடந்து போய், அவரைத் தேடி அடுத்த முகாமுக்கு நடந்தவர்களில் நானும் ஒருவன்.

ஆகவே, வீட்டுப் பெயரும் சுருக்கப் பெயரும் பட்டப்பெயரும் குடும்ப வரலாற்றுக்கு வெறும் அலங்காரமல்ல. பல இடங்களில் அவைதாம் திறப்பு. கேள்வி, அந்தத் திறப்பை எடுத்துப் பயன்படுத்தும் உரிமை யாருக்கு இருக்கிறது என்பதே.

முதலில் சுருக்கப் பெயர்களைப் பார்ப்போம், அவற்றில் எனக்குக் குழப்பமில்லை. உதுமான் லெப்பை உதுமாலெவ்வை ஆனார். இஸ்மாயீல் லெப்பை இஸ்மாலெவ்வை ஆனார், இப்றாஹீம் லெப்பை இபுறாலெவ்வை ஆனார். ஃபாத்திமா உம்மாக்கள் எல்லோரும் பாத்தும்மா. ஸீனத் சீனத்தும்மா ஆகி, தமிழ் எழுத்துக்கும் நாக்குக்கும் வசதியாக அமர்ந்துகொண்டாள். மருமகன் இவற்றையெல்லாம் "திருத்தி" இருந்தான். அவனுடைய பட்டியலில் என் மூத்தம்மாவின் உம்மா ஃபாத்திமா என்று, முன்னால் ஆய்த எழுத்தோடு, நேற்றுப் பிறந்த பிள்ளையைப் போல் இருந்தார்.

"அது பிழையான உச்சரிப்புத்தானே மாமா, சரியான பேரப் போட்டா நல்லந்தானே?"

அவனில் குறைசொல்ல ஏதுமில்லை. கடந்த நாற்பது ஐம்பது ஆண்டுகளாக நாம் எல்லோருமே இந்தத் திருத்தத்தைச் செய்து வருகின்றோம். நமது பிள்ளைகளின் பெயர்கள் அரபு அகராதியிலிருந்து நேரே வருகின்றன, அது நமது விருப்பம். ஆனால் இறந்தவர்களின் பெயர்களையும் பின்னோக்கிப் போய்த் திருத்துவது வேறு விடயம். அந்த மனுசி தன் வாழ்நாளில் ஒருமுறையாவது எவர் வாயாலும் ஃபாத்திமா என்று அழைக்கப்பட்டிருக்கமாட்டார். பாத்தும்மா என்றால்தான் திரும்பிப் பார்த்திருப்பார். ஃபாத்திமா என்று எழுதினால் அவருடைய இடத்தில் நாம் வேறொருவரை, நமது கௌரவத்துக்கு ஏற்ற ஒருவரை, இருத்திவிடுகின்றோம். சித்திலெவ்வை 1885இல் எழுதிய நாவல் 'அஸன்பேயுடைய கதை'. அதன் நாயகனை யாரும் இதுவரை ஹஸன் பே என்று திருத்த முயன்றதாக எனக்குத் தெரியவில்லை. எழுதியவரின் பெயரையே லெப்பை என்றும் லெவ்வை என்றும் இரு விதமாக அச்சிட்டு, நூலகத்தில் தேடுகிறவனை அலைக்கழித்துக் கொண்டுதான் இருக்கின்றோம், அது வேறு கதை.

பெயரைச் சுருக்குவது பெயரைச் சிதைப்பதாகாது. அரபு இலக்கணத்தில் இதற்குத் தர்கீம் என்று தனிப் பெயரே உண்டு, விளிக்கும்போது பெயரின் கடைசி எழுத்தை உதிர்த்துவிடுவது. நபி (ஸல்) அவர்கள் ஆயிஷா நாயகியை ஆயிஷ் என்றும், ஒட்டகங்களை ஓட்டிச் சென்ற அன்ஜஷாவை அன்ஜஷ் என்றும் விளித்ததை இமாம் புகாரி பதிந்திருப்பதோடு, தோழரின் பெயரில் ஓர் எழுத்தைக் குறைத்து அழைப்பதற்கென்று ஒரு தலைப்பையே ஒதுக்கியிருக்கின்றார். ஓர் எழுத்தை விடுவது அன்பின் வேலை என்பது அந்த அறிவிப்புகளின் தொனியிலேயே தெரிகிறது. நமது ஊர் உம்மாமார் இலக்கணம் படிக்காமலேயே இதைச் செய்தார்கள். அலுவலகம் செய்யும் சுருக்கத்தில்தான் அன்பு கிடையாது. முகம்மது என்ற பெயர் ஒற்றை 'எம்' ஆகி, மூன்று 'எம்'கள் வரிசையாக நிற்கும் மனிதர்கள் நமது இலக்கிய வட்டத்திலேயே எத்தனை பேர்! நூறு வருடம் கழித்து அவர்களுடைய கொள்ளுப்பேரன் அந்த எழுத்துகளை வைத்துக்கொண்டு என்ன பாடுபடப் போகிறானோ.

பாத்தும்மாவைப் பாத்தும்மாவாகவே எழுதச் சொன்னேன். பதிவில் வேறாக இருந்தால் அதைப் பக்கத்தில் போடட்டும். அவன் ஒத்துக்கொண்டான்.

பட்டப்பெயரின் கதை அவ்வளவு இலகுவல்ல. சுருக்கப் பெயர் வீட்டுக்குள்ளிருந்து வருவது, பட்டப்பெயர் வேலிக்கு வெளியிலிருந்து எறியப்படுவது. 'பட்டம் தெளிக்கிறது' என்று சொல்வார்கள், எவர் மீதும் தெறிக்கும். தாமே சூடிக்கொண்டால் அதுவே புனைபெயர். கே. எம். ஷா 'பித்தன்' என்று தமக்குத் தாமே வைத்துக்கொண்டார், நாம் மரியாதையோடு பித்தன் என்றே எழுதுகின்றோம். அதே அர்த்தமுள்ள சொல்லைத் தெருவில் ஒருவனுக்குப் பிறர் வைத்திருந்தால் அவன் வாழ்க்கை என்னவாகியிருக்கும்? சொல்லின் அர்த்தம் அகராதியில் இல்லை, யார் யாருக்குக் கொடுத்தார் என்பதில் இருக்கிறது.

உம்மாவின் மூத்தாப்பாவுக்கு அந்தக் கால் எப்படி வந்தது என்பதை உம்மா ஒருநாளும் சொன்னதில்லை. அந்தப் பெயரால் தனக்கு என்ன நடந்தது என்பதை மட்டும் இரண்டு தடவை சொல்லியிருக்கின்றார். ஓதும் பள்ளியில் மற்றப் பிள்ளைகள் அவரைத் தன் பெயரால் கூப்பிடவில்லையாம். அந்தப் பட்டத்தைச் சொல்லி, "அவர்ர பேத்தி" என்பார்களாம். ஐந்தாம் ஜுஸுவோடு உம்மா ஓதப் போவதை நிறுத்திக்கொண்டார். இரண்டாவது, கலியாணப் பேச்சு. ஒரு இடத்திலிருந்து மாப்பிள்ளை வீட்டார் ஆள்விட்டு, அந்தக் கால் பரம்பரையில் வருவதா என்று விசாரித்தார்களாம். அந்தப் பேச்சு அத்தோடு முறிந்தது. பின்னர் வந்த பேச்சில்தான் எங்கள் வாப்பா வந்தார் என்பதால் எங்களுக்கு அதிலே நட்டமில்லை என்று நாங்கள் பகிடியாகச் சொல்வோம். உம்மா சிரிப்பதில்லை. "அந்தப் பேர எங்கிட வீட்டுக்குள்ள எடுக்கப்படாது" என்பார். எடுக்கவில்லை. அவர் மௌத்தாகிப் பதினொரு வருடமாகிறது.

சூரா அல்ஹுஜுராத்தின் பதினோராம் வசனம் ஒருவரையொருவர் பட்டப்பெயர்களால் அழைப்பதைத் தடுக்கிறது. அது இறங்கிய பின்னணியாக அறிவிக்கப்படுவது மனதிற் கொள்ளத்தக்கது. பனூ ஸலமா கோத்திரத்தில் ஒவ்வொருவருக்கும் இரண்டு மூன்று பெயர்கள் இருந்தனவாம். நபியவர்கள் ஒருவரை அவற்றிலொன்றால் அழைத்தபோது, இந்தப் பெயர் அவருக்குக் கோபமூட்டும் என்று அங்கிருந்தவர்கள் சொன்னார்களாம். அழைத்தவரிடம் கெட்ட எண்ணம் கிஞ்சித்தும் இல்லை. ஆனாலும் கேட்பவருக்கு நோகிறதா என்பதே அங்கே அளவுகோலாயிற்று.

இவ்வளவுடன் விடயம் முடிந்திருந்தால் நான் மருமகனிடம் கட்டத்தை வெறுமையாக விடு என்று அன்றே சொல்லியிருப்பேன். ஆனால் அந்த வசனத்தை நமக்கு விளக்கித் தந்த அதே அறிஞர்களின் நூல்கள் பட்டப்பெயர்களால் நிரம்பியிருக்கின்றன. கூஃபாவின் பெரும் அறிவிப்பாளர் ஸுலைமான் இப்னு மிஹ்ரானை அந்தப் பெயரால் தேடினால் மாணவர்கள் தடுமாறுவார்கள், அவர் அல்அஃமஷ், நீர் வடியும் மங்கிய கண்ணர். ஹதீஸ் கலையில் மிகவும் போற்றப்படும் தொடர்களில் ஒன்று அபுஸ்ஸினாத், அல்அஃரஜ் வழியாக அபூஹுரைரா (ரழி) அவர்களைச் சென்றடைவது. இம்மூன்றில் ஒன்றும் பெற்றோர் இட்ட பெயரல்ல. அபூஹுரைரா பூனைக்குட்டிக்காரர். அவருடைய இயற்பெயர் எதுவென்பதில் முப்பதளவு கருத்துகள் சொல்லப்படுகின்றன, பூனைப் பெயரில் மட்டும் கருத்து வேறுபாடில்லை. அல்அஃரஜ் என்றால் நொண்டி. அவரது பெயர் அப்துர் ரஹ்மான் இப்னு ஹுர்முஸ். அபுஸ்ஸினாதுடைய பெயர் அப்துல்லாஹ் இப்னு தக்வான். அந்தப் பட்டத்தைச் சொன்னால் அவர் கோபிப்பார் என்றும் நூல்கள் குறித்து வைத்திருக்கின்றன. கோபிப்பார் என்பதையும் எழுதி, அந்தப் பெயராலேயே ஆயிரம் வருடங்களுக்கு மேலாக அவரை அழைத்தும் வருகிறார்கள்.

இது முரண்பாடு அல்லவா என்று எனக்கு வாலிப வயதில் தோன்றியதுண்டு. இமாம் நவவியின் விளக்கம் பலருக்கும் தெரிந்ததே. புறம் பேசுவது அனுமதிக்கப்படும் ஆறு இடங்களில் அடையாளம் காட்டுவதும் ஒன்று. முடவர், குருடர், மங்கிய கண்ணர் என்ற பெயரால் ஒருவர் பிரசித்தமாகிவிட்டால் அதைச் சொல்லலாம். இழிவுபடுத்தும் எண்ணத்தோடு சொல்வது ஹராம். வேறு விதமாக அடையாளம் காட்ட முடியுமானால் அதுவே மேல். ஹதீஸ் கலையினருக்கு இது வெறும் சலுகையாக இருக்கவில்லை, தேவையாக இருந்தது. ஒரே பெயரில் பலர் இருக்கையில் நம்பத் தகுந்தவரையும் தகாதவரையும் பிரித்தறியாவிட்டால் மார்க்கமே கலங்கிவிடும். இப்னு ஹஜர் அல்அஸ்கலானீ பட்டப்பெயர்களுக்கென்றே ஒரு நூல் தொகுத்ததும் இந்தத் தேவையினாற்றான்.

ஆனால் என் மருமகனின் தேவை அத்தகையதா? ஒன்றுகூடலில் பிரியாணியோடு கொடுக்கப்படும் ஒரு தாளுக்காக நாம் அல்அஃரஜைச் சாட்சிக்கு இழுக்கலாமா? இங்கே என்னை நிறுத்தியவர் இன்னொருவர். இஸ்மாயீல் இப்னு இப்றாஹீம் என்ற அறிவிப்பாளரை எல்லோரும் அவரது உம்மாவின் பெயரைச் சேர்த்து இப்னு உலைய்யா என்றார்கள், அவருக்கு அது பிடிக்கவில்லை. யஹ்யா இப்னு மயீன் அவ்வாறு சொல்லக் கேட்ட இமாம் அஹ்மத், இஸ்மாயீல் இப்னு இப்றாஹீம் என்று சொல்லுங்கள், உம்மாவின் பெயரோடு சேர்த்துச் சொல்வதை அவர் வெறுத்தார் என்று அறிந்திருக்கின்றேன் என்று திருத்தினார், யஹ்யா ஏற்றுக்கொண்டார். இமாம் ஷாஃபிஈ கண்ட வழி இன்னும் நுட்பமானது. இப்னு உலைய்யா என்று அழைக்கப்படும் இஸ்மாயீல் என்று அவர் சொல்வாராம். அழைப்பது மற்றவர்கள், நான் சொல்வது அவரது பெயர். ஒரு சிறு சொல்லால் ஷாஃபிஈ அந்தப் பட்டத்திலிருந்து தன் கையை எடுத்துக்கொள்கின்றார்.

(இதில் வேறொரு கேள்வியும் எழுகிறது. உம்மாவின் பெயரால் அழைக்கப்படுவதில் என்ன இழுக்கு? உம்மாவின் குடியால் அறியப்படும் நம் கிழக்கு மாகாணத்தவர் அதை விளங்கிக்கொள்ளச் சிரமப்படுவார்கள். ஆனால் நோவு அவருடையது, நம்முடைய அபிப்பிராயம் அதில் சேர்த்தியில்லை.)

இந்த இடத்தில் நான் ஒரு முடிவுக்கு வந்துவிட்டேன் என்றே நினைத்தேன். நொத்தாரிசு எழுதிய பழைய காணி உறுதியொன்று உம்மாவின் பெட்டகத்தில் கிடந்தது. அதில் மூத்தாப்பாவின் நீண்ட பெயரும், 'என்கிற' என்ற சொல்லும், அதன் பின் அவரது சுருக்கப் பெயரும் இருந்தன. பட்டப்பெயர் இல்லை. எழுதியவருக்கும் அது தெரியாமலிருந்திருக்காது, எழுதவில்லை. அந்த நொத்தாரிசுக்கு இருந்த நாகரிகம் நமக்கும் போதும் என்று மருமகனுக்குச் சொன்னேன். அவன் தலையாட்டிவிட்டு, "அப்ப அந்த மற்ற மகன எப்பிடித் தேடுற மாமா?" என்றான்.

மூத்தாப்பாவின் இளைய மகன் வயல் செய்யவென்று பொலன்னறுவைப் பக்கம் போய் அங்கேயே கலியாணம் முடித்து இருந்துவிட்டார் என்பது எங்களுக்குக் கேள்வி. இரண்டு தலைமுறையாகப் போக்குவரத்தில்லை. நானும் மருமகனும் ஒரு வெள்ளிக்கிழமை அங்கே போனோம். ஜும்ஆ முடிந்து பள்ளி வாசலில் வைத்து உறுதியிலிருந்த பெயரைச் சொன்னோம். தெரியாது. சுருக்கப் பெயரைச் சொன்னோம். அந்தப் பெயரில் அங்கேயே இரண்டு பேர் இருந்தார்கள், இருவரும் நாங்கள் தேடியவரின் வழியினரல்லர். மூன்று மணி வரையும் நின்றோம். பிறகு மருமகன் என்னைப் பார்த்தான். நான் வேறு பக்கம் பார்த்தேன். அவன் அந்தப் பெயரைச் சொன்னான்.

"அட, அந்த வளவா? அதோ, மாமரம் தெரியுதே" என்றார் பீடி குடித்துக்கொண்டிருந்த ஒருவர்.

அங்கே அது வீட்டின் பெயராக இருந்தது. அந்தப் பட்டத்தைச் சொல்லி வளவு என்பார்கள், வயல்வெட்டை என்பார்கள், வரம்பு என்பார்கள். வீட்டிலிருந்த பெரியவருக்கு எண்பது வயதுக்கு மேல். உம்மாவுக்கு ஒன்றுவிட்ட சகோதரர் முறை, எனக்கு மாமா. அந்தப் பெயரை அவர் வாய் நிறையச் சொன்னார். எங்களை அணைத்துக்கொண்டு, ஊரிலிருந்து வெறுங்கையோடு ஒற்றைக் காலை இழுத்துக்கொண்டு தன் மகனைப் பார்க்க வந்த மனிதர் அந்தக் காலோடு எப்படிக் காடு வெட்டிக் கொடுத்தார் என்பதைச் சொன்னார். கால் எப்படிப் போனது என்பதையும் சொன்னார். சின்ன வயதில் அடுத்தவர் தென்னையில் இளநீர் களவெடுக்க ஏறி விழுந்தாராம்! அதைச் சொல்லி அந்த வீட்டில் குழந்தைகள் உட்பட எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரிக்கும்போது உம்மாவின் முகம் எனக்கு நினைவுக்கு வந்தது.

ஒரே பெயர். ஓர் ஊரில் அது ஒரு பெண்ணின் ஓதலையும் கலியாணத்தையும் முறித்தது. இன்னோர் ஊரில் ஒரு குடும்பம் அதன் நிழலில் நெல் காயப் போடுகிறது. அபூதுராப் என்ற பெயரைப் பற்றிய அறிவிப்பு அன்றிரவு பஸ்ஸில் வரும்போது என் மனதில் ஓடியது. பள்ளிவாசலில் மண்ணோடு உறங்கியிருந்த அலீ (ரழி) அவர்களை எழுப்பி நபியவர்கள் கொடுத்த பெயர் அது. பின்னாளில் மதீனாவின் ஆளுநர் அதே பெயரை மிம்பரில் நின்று ஏளனமாகச் சொன்னதாக ஒருவர் ஸஹ்ல் இப்னு ஸஅத் (ரழி) அவர்களிடம் முறையிட்டார். ஸஹ்ல் சிரித்தார். அலீக்கு அதைவிட விருப்பமான பெயர் இருக்கவில்லை என்றார். ஏளனம் செய்தவரின் கையிலிருந்து பெயரைப் பிடுங்கி உரியவரிடமே திருப்பிக் கொடுத்துவிட்ட சிரிப்பு அது. ஆனால் ஸஹ்லுக்கு ஒரு வசதி இருந்தது. அலீயின் விருப்பம் என்னவென்று அவருக்குத் தெரியும். எங்கள் மூத்தாப்பாவுக்கு அந்தப் பெயர் பிடித்திருந்ததா? அதைச் சொல்ல இப்போது உலகத்தில் எவருமில்லை. பொலன்னறுவை மாமா சொல்வது அவருடைய வாப்பாவின் பெருமை, உம்மா சொன்னது அவருடைய நோவு. இரண்டுக்கும் நடுவில் மூத்தாப்பா பேசாமல் இருக்கிறார்.

இறந்தவர்களை ஏசாதீர்கள் என்ற நபிமொழியைச் சொல்லி இதை முடித்துவிடலாம் என்று ஒரு மௌலவி நண்பர் சொன்னார். முடிக்க முடியவில்லை. பொலன்னறுவையில் அது ஏச்சு அல்லவே. மாறாக, எல்லாம் எழுதப்பட வேண்டும், வரலாறு என்றால் உண்மைதானே என்று கல்லூரியில் வரலாறு படிப்பிக்கும் இன்னொரு நண்பர் வாதிட்டார். அவருக்கு உம்மாவின் கதையைச் சொன்னேன். அதையும் எழுதுங்கள் என்றார். சொல்வது இலகு. அவருடைய உம்மாவாக இருந்தால் எழுதியிருப்பாரா என்று நான் கேட்கவில்லை, கேட்டிருக்க வேண்டும்.

எனக்குத் தென்படுவது இவ்வளவுதான். தேடும்போது வாயால் சொன்னது வேறு, அச்சிட்டு நூறு பேர் கையில் கொடுப்பது வேறு. தேடுகிறவன் ஒரு நிர்ப்பந்தத்தில் இருக்கிறான், கதவு திறந்ததும் நிர்ப்பந்தம் தீர்ந்துவிடுகிறது. மூன்று மணி வெயிலில் நின்ற மருமகனுக்கு நவவியின் அனுமதி இருந்தது என்றே நம்புகின்றேன். அச்சுத் தாளுக்கு அது இல்லை, ஏனெனில் இப்போது அவரை அடையாளம் காட்ட இளைய மகனின் பெயரும் ஊரும் போதும். ஆனால் அடுத்த தலைமுறையில் யாராவது மறுபடி தேட வேண்டி வந்தால்? அதற்காக, அந்தப் பெயரையும் அது வந்த விதத்தையும் அது உம்மாவுக்குச் செய்ததையும் அந்த வளவுக்குச் செய்ததையும் கையால் எழுதி, உறுதியோடு சேர்த்துப் பெட்டகத்தில் வைத்திருக்கின்றேன். ஷாஃபிஈயின் முறையில், 'என்று அழைக்கப்பட்டவர்' என்றுதான் எழுதினேன். இது உம்மாவின் சொல்லை மீறியதாகுமா? வீட்டுக்குள் எடுக்கக் கூடாது என்றார், எழுதி வீட்டுக்குள்தான் வைத்திருக்கின்றேன். மறுமையில் அவர் கேட்டால் என்னிடம் நல்ல பதில் இல்லை.

ஒன்றுகூடலுக்குப் பொலன்னறுவையிலிருந்து ஒரு வேன் நிறைய வந்தார்கள். பெரியவரைத் தூக்காத குறையாக இறக்கி முன்வரிசையில் இருத்தினோம். மருமகன் தாளை விரித்து, மேலேயிருந்து ஒவ்வொரு பெயராக வாசித்துக் காட்டினான். மூத்தாப்பாவின் பெட்டி வந்ததும் அவர் கையமர்த்தினார்.

"இது ஆரு?"

மருமகன் நீண்ட பெயரைத் திரும்பச் சொன்னான். பெரியவர் யோசித்தார். இளைய மகனின் பெயரைச் சொன்னதும் முகம் மலர்ந்து, அந்தப் பட்டப்பெயரை மண்டபம் முழுக்கக் கேட்கச் சொன்னார். பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். ராத்தா தலைகுனிந்து கைப்பைக்குள் எதையோ தேடினாள்.

"அப்ப அந்தப் பேர ஏன் போடல்ல? இளநிதானே களவெடுத்தாரு, வேறென்ன செஞ்சாரு?"

மருமகன் என்னைப் பார்த்தான். நான் பெரியவருக்குப் பக்கத்தில் போயிருந்து, உம்மாவின் ஓதும் பள்ளிக் கதையைக் காதுக்குள் சொன்னேன். அவருக்குக் காது மந்தம், எவ்வளவு கேட்டதோ தெரியாது. கொஞ்ச நேரம் என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார். பிறகு தன் பேரனிடம் பேனையை வாங்கி, நடுங்கும் கையால், தன்னுடைய தாளில் மட்டும், அந்தப் பெட்டிக்குப் பக்கத்தில் எழுதத் தொடங்கினார். ராத்தா தன்னுடையதை நான்காக மடித்துக் கைப்பைக்குள் வைத்தாள்.